அசலைக் காணவில்லை

விழுப்புரத்தில் நானும் அண்ணனும் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோவில் கேமரா அவருக்கு, கம்ப்யூட்டர் எனக்கு. மேக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து என் தலைக்கனம் கடை போர்டைவிடப் பெரிதாகிவிட்டது. வீட்டில் என் சட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. மேக்கின் திரையில் மட்டும் ஒரு தூசி இருக்காது. மெஷினுக்குள் இடம் போதாததால் கல்யாணப் படங்களைத் தனி ஹார்டு டிஸ்கில் போட்டிருந்தேன். திரையில் ஊருக்கு ஒன்றாக ஏலியாஸ் மட்டும். அது வெறும் கைகாட்டி. தட்டினால் டிஸ்கில் இருக்கிற உண்மையான ஃபோல்டர் திறக்கும்.

பிறகு எங்களுக்குள் ஒத்துவரவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வோம். அண்ணன் திண்டிவனத்தில் தனிக்கடை போட்டார். பழைய மேக் ஒன்றும் வாங்கினார். அந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் அவருக்கு என்று பேச்சு. நான் வளவனூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்த நாளில் கடைக்கு வந்து, தன் கையாலேயே திரையில் இருந்ததையெல்லாம் பென்டிரைவுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார். போனில் ஒரே பூரிப்பு.

"டேய், மேக்குன்னா மேக்குதான்டா! அத்தினி கல்யாணமும் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஏறிடுச்சி."

மேளச் சத்தத்தில் நானும் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று சேர்ந்து பூரித்தேன்.

அடுத்த வாரம் பிரம்மதேசத்துப் பெண் வீட்டார் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அவர் கடைக்கு வந்திருக்கிறார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஃபோல்டரைத் தட்டியிருக்கிறார். அசலைக் காணவில்லை என்று மேக் சொல்லிவிட்டது. அடுத்ததைத் தட்டினால் அதுவும் அப்படியே. உடனே எனக்குப் போன்.

"பொண்ணு வூட்டுக்காரங்க முன்னால மானத்த வாங்கிட்டியேடா. அசல நீ அமுக்கிக்கினு நகல என் தலையில கட்டிட்டியா?"

"அண்ணே, நீ எடுத்துக்கினு போனது ஏலியாஸுண்ணே."

"ஏலியாஸுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? அப்பா பத்திரத்துல ஏலியாஸ் போட்டு ரெண்டு பேரு கீது. அதுக்கோசரம் அவரு ரெண்டு ஆளா? ஒரே ஆளுதானே?"

அப்பாவை எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அதே அப்பாதான். மேக்கின் ஏலியாஸோ ஆளை விட்டுவிட்டு விலாசத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வருவது. இதை எந்தப் பத்திர எழுத்தரை வைத்து அண்ணனுக்குப் புரியவைப்பது?

டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். கல்யாணங்கள் எல்லாமே அவரிடம் போகட்டும். தம்பி ஏமாற்றிவிட்டான் என்று மட்டும் அவர் நினைத்துவிடக் கூடாது.

அவர் மேக்கில் டிஸ்கைச் செருகினேன். எல்லாக் கல்யாணமும் மாலையும் கழுத்துமாக வந்து நின்றன. அண்ணன் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. படங்களை அவர் மெஷினுக்கு ஏற்றினேன். எவ்வளவு ஏறியது என்று காட்டும் நீலக்கோடு நகர்ந்தது என்று சொன்னால் நத்தை கோபித்துக்கொள்ளும்.

"அன்னிக்கி நான் போட்டப்ப டக்குனு ஏறுச்சி. நீ கை வச்சா மட்டும் ஏன்டா இழுக்குது?"

"அன்னிக்கி ஏறனது வெறும் பேருண்ணே. இன்னிக்கித்தான் படம் ஏறுது."

"நல்லா பேசக் கத்துக்கினே. பயந்துக்கினுதானே இப்ப எடுத்தாந்தே?"

பொய் ஜல்தியாக ஏறும், உண்மைக்கு நேரமாகும் என்று தத்துவம் பேசலாம்தான். ஆனால் அவர் எனக்கும் திரைக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எதையாவது அழித்துவிடுவேனாம். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கோடு முடியும்வரை நின்றேன். முடிந்ததும் டிஸ்கைக் கழற்றாமல், "இது இங்கியே கெடக்கட்டும்" என்றார்.

போன மாதம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் சித்தப்பா என்று என் பெயரும் இருந்தது. கேமராவை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். கெடாரிலிருந்து வந்த யாரோ ஒரு போட்டோக்காரர் லைட் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் என் தோளில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஆளு வந்துட்டாங்க. நீ போய் சாப்புடு" என்றார்.

சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். கெடார்க்காரர் பந்தியைப் படம் எடுக்க வந்தபோது நன்றாகச் சிரித்தேன்.