காக்கைக் கூடும் என் சாவுச் சேதியும்

அமாவாசைக்கு அமாவாசை காக்கைக்குச் சோறு வைத்துக் கும்பிடுகிறவர்கள், ஒரு சித்திரை மாதம் முழுக்க அதன் கூட்டுக்குக் கீழே குடியிருந்து பார்க்க வேண்டும். நான் இருந்தேன். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், சமையல்கட்டை ஒட்டி ஒரு வேப்பமரம். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று. மரத்தின் தாழ்ந்த கவையில் ஒரு ஜோடிக் காக்கை கூடு கட்டியது. முள், கயிற்றுத் துண்டு, துருப்பிடித்த கம்பி, போதாததற்கு நான் சீவிப் போட்ட தலைமயிர். அந்த நாற்றக் கூட்டில் என் மயிர் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் மொட்டை அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

எச்சம் மட்டும் என்றால் கழுவித் தொலைக்கலாம். குடல் சரிந்த எலி, கோழிக்குஞ்சின் கால், எதன் மாமிசம் என்றே தெரியாத வழவழப்பு, எல்லாம் மேலேயிருந்து விழும். காயவைத்த கேழ்வரகில் விழும், தண்ணீர்த் தொட்டியில் விழும். ஒரு நாள் களியும் கீரையுமாகச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் ஓர் எலிவால் விழுந்தது. அப்புறம் ஒரு வாரம் களியைப் பார்த்தாலே குமட்டியது.

தொரட்டுக்கோலால் ஓர் இழுப்பு இழுத்தால் தீர்ந்துபோகும். மாமியார் விடவில்லை.

“கூட்டுல கைய வெச்சுப்புடாத. உம் மாமனாருதான் வூட்ட விட்டுப் போவ மனசில்லாம வந்திருக்காரு. கலைச்சா வமிசமே அத்துப் போயிரும்.”

மாமனார் செத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தபோதும் கண்ட இடத்தில் எச்சில் துப்பினவர்தான். இருக்கலாம் என்று நானே பாதி நம்பினேன்.

குஞ்சு பொரித்த பிறகு தாய்க்காக்கைக்கு வெறி பிடித்தது. மரத்தடியைக் கூட்டுகிறவள் நான், அதனால் என்மேல்தான் அதற்குக் கண். ஒரு நாள் காலையில் குனிந்து கூட்டும்போது உச்சந்தலையில் ஓங்கி அடித்தது. தொட்டுப் பார்த்தேன், ரத்தம். அதைவிட அதன் காலில் ஒட்டியிருந்த அழுகல் என் தலையில் ஒட்டியதுதான் தாங்க முடியவில்லை. மூன்று முறை சீயக்காய் போட்டுத் தேய்த்தேன்.

மாமியார் அரண்டு போனாள். காயத்துக்காக அல்ல. காக்கை தலையில் அடித்தால் அந்த வீட்டில் சாவு விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்குக் கழிப்பும் உண்டு. அடிபட்டவள் செத்துவிட்டதாகப் பிறந்த வீட்டுக்குப் பொய்ச்சேதி அனுப்ப வேண்டும். அவர்கள் ஒரு பாட்டம் அழுதுவிட்டால் தோஷம் கழிந்தது. பிறகு சேதி கொண்டுபோன ஆளே உண்மையைச் சொல்லிவிடுவான்.

பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மா தனியாக இருந்தாள். அப்பா இல்லை. நெஞ்சுவலிக்காரி, நான் ஒரே மகள்.

“அத்தே, கேட்டதுமே எங்கம்மா உசிரு போயிரும். கூட்ட இழுத்துப் போட்டுட்டாப் போதும்.”

“அழுதா உசிரு போயிருமா? நீ சும்மா இரு.”

காக்கைக் கூட்டைத் தொட்டால் பாவம், பெற்றவள் வயிற்றில் நெருப்பு வைக்கலாம். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டு தலையை ஆட்டினார். மறுநாள் விடியற்காலை அவருடைய பங்காளி ஒருவர் கிளம்பிப் போனார். நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா பிழைத்திருப்பாளா என்பது ஒன்றுதான் எனக்கு.

பிற்பகலில் அம்மா வந்தாள். தலைவிரி கோலமாக, வெறுங்காலோடு, மார்பில் அடித்துக்கொண்டு. நான் மரத்தடியில் எச்சம் கழுவிக்கொண்டிருந்தேன், கையில் விளக்குமாறு. என்னைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் சிரித்தபடி மோர் கொண்டுவந்தாள். “தோஷம் கழிஞ்சிருச்சிங்க சம்பந்தி.” சாவு வீட்டுக்கு வந்தவளுக்கு விருந்து உபசாரம்! அந்தச் சிரிப்பு எலிக்குடலைவிட அருவருப்பாக இருந்தது.

பங்காளி மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தார்.

“நெசத்தச் சொல்ல வுடலீங்க. சேதி காதுல வுழுந்ததும் குறுக்குப் பாதையில ஓடியாந்துட்டாங்க. எப்படிச் செத்தான்னுகூட ஒரு வார்த்த கேக்கலீங்க.”

எல்லாரும் உள்ளே போனதும் அம்மாவிடம் கேட்டேன். “ஏம்மா கேக்கல?”

மோர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கேக்க என்ன இருக்குது கண்ணு. என்னைக்காச்சும் இந்தச் சேதி வரும்னு தெரிஞ்சதுதானே.”

மாமியார் கரண்டியால் சூடு வைத்த கையோடு இரண்டு முறை தாய்வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். ‘பொறுத்துப் போ’ என்று இரண்டு முறையும் கொண்டுவந்து விட்டவள் இவள்தான். தெரிந்தேதான் விட்டிருக்கிறாள். அவள் உயிர் போய்விடுமே என்று நான் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன்.

பொழுது சாயுமுன் முகம் கழுவி, முடி முடிந்துகொண்டு கிளம்பினாள். “பொறுத்துப் போ கண்ணு” என்றாள். மூன்றாவது முறை.

அவள் தெரு திரும்பியதும் தொரட்டுக்கோலை எடுத்துக் கூட்டை இழுத்துப் போட்டேன். மயிர் முளைக்காத இரண்டு சிவந்த பிண்டங்கள் வாயைப் பிளந்துகொண்டு என் காலடியில் விழுந்தன. பார்க்கவே பிடிக்கவில்லை. காக்கைகள் தலைக்குமேல் கத்தின. மாமியார் வெளியே ஓடிவந்து, “அடிப்பாவி, வமிசத்தையே அழிச்சிட்டியே!” என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

“செத்தவகிட்ட வமிசம் பேசாதீங்க அத்தே” என்றேன்.