மழையில் நனையாத பெட்டி

சில நாள் மஸ்கெலியா டவுனில் கொட்டும் மழை, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சொட்டுக்கூடப் பெய்யாது. அதனால் கடைக் கூரைகளிலும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் கூரைகளிலும் மலிவு விலை வானிலைப் பெட்டிகளை நெருக்கமாகப் பொருத்தியிருந்தோம். ஊரே நனைந்த வாரத்திலும் ஒரு லயத்துப் பெட்டி மட்டும் மழையே இல்லை என்றது. பழுதுபார்க்கும் நான் கொட்டும் மழையில் எரிச்சலோடு மலையேறினேன்.

அந்த வீட்டுக்கார அம்மா கொழுந்தெடுப்பவர். ஒல்லியான உடம்பு, தேயிலைக் கறை ஏறிய விரல்கள். பேசும்போதே, குனிந்து பாராமல், ஒழுகும் இடத்துக்கு நேராக வாளியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

கூரையில் ஏறிப் பார்த்தேன். மழை விழவேண்டிய பெட்டியின் வாயை மூடி, கொழுந்தெடுக்கையில் நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

அதை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்து, “யாரும்மா இதக் கட்டுனது?” என்று கத்தினேன்.

“நான்தான். பத்திரமா பாத்துக்கங்கன்னு சொல்லித்தானே வச்சிட்டுப் போனீங்க? மழையில விட்டா கெட்டுப் போகாதா?”

“மழைய அளக்குறதுக்குத்தாம்மா அது.”

அவர் வாளியைத் தள்ளுவதை நிறுத்தினார். “பொட்டி நனையலன்னதும் ஓடியாந்துட்டீங்க. தகரம் ஓட்டையாகி நாங்க நனையுறோம்னு தோட்டத்து ஆபீஸ்ல எத்தன தடவ சொல்லிட்டோம். யாராச்சும் வந்து எட்டிப் பாத்தாங்களா?”

படங்கை அவரிடம் கொடுத்தேன். அதை உதறி, அடுப்புக்கு மேலே ஒழுகும் இடத்தில் கட்டினார்.

இறங்கும் வழியில் மேலதிகாரி போனில் கேட்டார். “இப்ப பெட்டி நனையுதா?”

“நனையுது சேர். வீட்டுக்குள்ளயும்...”

“அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

அந்த அம்மா என்னிடம் காட்டிய கோபம் இன்னும் என்னிடமே இருக்கிறது. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை.