இரண்டாவது பிரேக்

சாவியை அற்புதமணி தன் கையால் தொடுவதில்லை. கைப்பையின் வாயை அகலத் திறந்து, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்ணின் முன்னால் நீட்டுவாள். "உள்ளதான் கெடக்கு, எடுங்க. ஓட்டுறவங்க கையிலதான் சாவி இருக்கணும்." அடுத்தது கதவு. "ரெண்டு பக்கமும் நீங்கதான் திறக்கணும். ஆளை ஏத்தி இறக்கத் தெரியாதவங்களுக்கு லைசென்சு என்னத்துக்கு?" கண்ணாடியை இறக்குவது, இருக்கையை முன்னே தள்ளுவது, ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பது, எல்லாமே பாடம். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் தருவதும் பாடம்தான். அது எப்படிப் பாடமாகும் என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். "ஒங்க கை நடுங்குதான்னு பாக்கேன்" என்றாள் அற்புதமணி, சிரிக்காமல்.

கண்டிப்பான டீச்சர் என்று அந்தப் பெண்கள் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். டீச்சரின் விரல்களால் ஒரு மூடியைத் திருக முடியாது என்பது அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

பிறந்தது நாசரேத். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள். கணவர் ஜேசுபாதத்துக்குத் துறைமுகத்தில் கிரேன்களைப் பழுதுபார்க்கும் வேலை. பழைய வெள்ளை மாருதி ஒன்றை வாங்கி, கதவில் 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதவைத்து, இடதுபக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் பொருத்தி, அற்புதமணி தொழிலைத் தொடங்கினாள். கற்றுக்கொள்பவள் வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுவாள். இவள் இடதுபக்கம், இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி இருப்பாள். யாரையும் திட்டமாட்டாள். கோபம் வந்தால் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "கத்துனா, பயத்துல காலு வேற பெடலைத் தேடும்" என்பது அவள் கணக்கு. கிளட்ச்சைப் பட்டென்று விட்டு வண்டியைக் குதிக்கவைப்பவர்களிடம், "அதைப் பாசமா விடுங்க. மாமியார் கையை விடுத மாதிரி விடாதிய" என்பாள். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி வரும் துறைமுகச் சாலையில் எத்தனையோ பெண்களை அழாமல் ஓட்டவைத்தவள் அவள்.

முடக்குவாதம் வந்தது தொழிலுக்கு வந்த புதிதில். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடும் சின்ன மஞ்சள் மாத்திரைகளை டாக்டர் எழுதித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அதைப் போட்டுக்கொள்வாள். வீக்கம் வடிந்தது, வலி போயிற்று. வருடங்கள் ஓடின. நோய் தன்னை விட்டுப் போய்விட்டது என்றே அவள் நம்பினாள். ஒரு வருடப் பிறப்பு ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் என் கைகளைக் குணமாக்கினார் என்று சாட்சியும் சொன்னாள். மாத்திரை என்னவோ பழக்கம்போலத் தொடர்ந்தது.

போன கோடையில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கண்ணின் கீழிமை வெளுத்திருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண், அதிலிருந்து இரத்தம் கசிகிறது. கல்லீரலும் கெட்டுக்கிடக்கிறது.

"மஞ்சள் மாத்திரையை இன்னையோட நிறுத்திருங்க. கல்லீரல் தாங்காது. வலி மாத்திரையும் கூடாது, புண்ணு இன்னும் பெருசாயிரும்" என்றார் டாக்டர்.

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"அதைக் கல்லீரல்தான் சொல்லணும். மாசாமாசம் பாப்போம்."

"அப்ப மூட்டு?"

டாக்டர் பேனாவை மூடினார். "கொஞ்சம் பொறுத்துக்கிடணும்மா. சூரணம், லேகியம்னு எதையும் தொட்டுறாதீங்க. அதுவும் கல்லீரல் வழியாத்தான் போகணும்."

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தியளா, இத்தனை வருசமும் சும்மாதான் முழுங்கியிருக்கேன்" என்று ஜேசுபாதத்திடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது அவளால் புரண்டு படுக்க முடியவில்லை. போர்வையை விலக்க நினைத்தாள். நினைப்பு கைவரைக்கும் போகவில்லை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டு என்று ஒன்று இருந்த இடம் தெரியவில்லை. விரல் முட்டிகள் பழுத்த பழம்போலச் சிவந்து மினுமினுத்தன. அது யாரோ ஒருத்தியின் கை. கட்டிலில் தன் பக்கத்தில் எவளோ படுத்திருக்கிறாள் என்பதுபோல அவள் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஜேசுபாதம் முதுகில் கை கொடுத்து எழுப்பி உட்கார்த்தியபோது அவள் அழவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"ஏங்க, இது எங்கயும் போகலியா? இவ்வளவு நாளும் உள்ளயேவா இருந்துச்சு?"

வலி பழகிவிட்டது. அந்தக் கேள்விதான் பழகவில்லை. இத்தனை வருடமும் தன் வீட்டுக்குள்ளேயே ஒருவன் கட்டிப்போடப்பட்டுக் கிடந்தான், கயிறு அந்தச் சின்ன மாத்திரைதான், அது தெரியாமல் தான் பாட்டுக்குப் பாடிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று நினைத்து ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தாள். சாட்சி சொன்னதை நினைத்தால் இன்னும் மோசம். கோயிலில் ஜெபத்துக்குக் கைகூப்பினால் உள்ளங்கைகள் ஒட்டவில்லை. நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம்போல இடைவெளி.

காலையில் எழுந்ததும் வாளியில் வெந்நீர் நிரப்பி முழங்கைவரை முக்கிக்கொண்டு உட்காருவாள். குழாயை முழங்கையால் தள்ளித் திறந்தாள். பற்பசையைக் குதிகாலால் மிதித்துப் பிதுக்கினாள். காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு குடித்தாள். சேலைக்குப் பின் குத்த முடியாமல் சுடிதாருக்கு மாறினாள். "வயசு குறைஞ்சிட்டே ஒனக்கு" என்று பக்கத்து வீட்டு சீனித்தாய் கேலி பேசியபோது, "ஆமா, பின்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெயில் ஏறினால் மூட்டு கொஞ்சம் இளகும் என்று தெரிந்ததும் காலை வகுப்புகளை எல்லாம் பகலுக்கு மாற்றினாள். காரணம் கேட்டவர்களிடம், "டிராபிக்குல ஓட்டினாத்தான் பழகும்" என்றாள்.

"கொஞ்ச நாளைக்கு வண்டியை நிறுத்து" என்று ஜேசுபாதம் சொல்லாத நாள் இல்லை.

"நானா ஓட்டுதேன்? அவங்கதான ஓட்டுதாங்க. நான் பக்கத்துல சும்மாதான உக்காந்திருக்கேன்" என்பாள். கிரேன்களோடு பழகிய அந்த மனிதருக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது.

பதுருன்னிஸா அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களிலேயே மூத்தவள். அற்புதமணியைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். காயல்பட்டினத்துக்காரி. தூத்துக்குடியில் மகன் கட்டிய வீட்டில் குடியிருந்தாள். மகன் ஸுஹைப் துபாயில். வாழ்நாளெல்லாம் வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய கணவர் மக்தூமுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. வாசலில் கார் நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொருத்தன் வாசல்லயும் போய் நிக்க முடியல டீச்சர். நானே ஓட்டிருவேன்" என்று வந்தாள். வண்டியை எடுக்கும்போதெல்லாம் 'பிஸ்மில்லாஹ்' என்று முணுமுணுப்பாள். அதற்கு முன்னால் ஓரக்கண்ணால் அற்புதமணியின் கால் பிரேக்கில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வாள். 'ராத்தா' என்று அக்காவாகவே அழைத்த அவளிடம் அற்புதமணி கிராம்பைத் தொட்டதே இல்லை.

அன்றைக்கு மக்தூமைப் பகலில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. "விடியவே ஓட்டிட்டு வந்துருவோம் டீச்சர்" என்று பதுருன்னிஸா கெஞ்சினாள். முடியாது என்று சொன்னால் ஏன் என்று சொல்லவேண்டும். அற்புதமணி வெந்நீரில் கையோடு வீங்கிய கணுக்காலையும் சேர்த்து முக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தருவைகுளம் சாலை அந்நேரத்துக்கு வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டு பக்கமும் உப்பளம். ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. பதுருன்னிஸா அன்று நன்றாகவே ஓட்டினாள். மூன்றாவது கியர் போட்டு, தோளைத் தளர்த்தி, மகன் பேத்தியைப் பற்றிச் சொன்னதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது ஒரு குவியலின் மறைவிலிருந்து உப்பு லாரி ஒன்று பின்பக்கமாகவே சாலைக்குள் ஏறியது.

"பிரேக்கு!" என்று கத்திக்கொண்டே அற்புதமணி காலை அழுத்தினாள். அழுத்தியதாகத்தான் நினைத்தாள். கணுக்காலுக்குள் எதையோ உடைத்ததுபோல ஒரு வலி பளீரென்று தொடைவரை ஏறியது. பாதம் நழுவித் தரையில் விழுந்தது. ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கப் பாய்ந்த கை அதன்மேல் போய் விழுந்ததே தவிர, விரல்கள் மடங்கவில்லை. லாரியின் பின்பலகை கண்ணாடி முழுக்க நிறைந்தது. அதில் எழுதியிருந்த எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

வண்டி நின்றது.

எஞ்சின் அணைந்துபோன அமைதியில் உப்பளக் காற்று மட்டும் கேட்டது. பதுருன்னிஸா ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து அற்புதமணியின் தோளைப் பற்றினாள். "நல்லவேளை, நீங்க பிடிச்சீங்க டீச்சர். நீங்க பிடிக்காட்டி நாம மவுத்துதான்."

அற்புதமணி குனிந்து பார்த்தாள். இரண்டாவது பிரேக்கின்மேல் அவளுடைய செருப்பு மட்டும் சாய்ந்து கிடந்தது. கால் அதற்குப் பக்கத்தில் கிடந்தது. சும்மா இருந்துவிடலாம். அந்தப் பெண் நன்றியோடு வீட்டுக்குப் போவாள். நாளைக்கும் வருவாள்.

"நான் பிடிக்கல ராத்தா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "நான் பிடிக்கல. எனக்குக் காலு வரல. கையும் வரல. நீங்கதான் பிடிச்சிய."

பதுருன்னிஸாவுக்கு முதலில் புரியவில்லை. கீழே குனிந்து செருப்பைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். சுடிதார்க் கைக்குள்ளிருந்து வெளியே கிடந்த அந்த விரல்களை அன்றைக்குத்தான் பார்த்தாள். சாவி, கதவு, பாட்டில் மூடி, ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஓடி மறைந்தன. கதவைத் திறந்து இறங்கிச் சாலையோரத்தில் போய் நின்றுகொண்டாள். கறுப்புப் பர்தா காற்றில் படபடத்தது.

"கால் வராதுன்னு தெரிஞ்சுமா என்னை ஏத்துனீங்க?" திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "எங்க வீட்டுல அவுகளுக்குக் கண்ணு தெரியாது. நான் இங்கனயே போய்ச் சேந்திருந்தா அவுகளுக்கு யாரு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா யாரு ராத்தா ஏறுவா?"

"நான் ஏறமாட்டேன்தான். ஏறாம இருக்குறது என் இஷ்டம்தானே. அதை நீங்க பறிக்கலாமா?"

நிறுத்தப்பட்ட மாத்திரைகள், புண், கல்லீரல் என்று அற்புதமணி ஏதேதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தினமும் வீட்டில் சொன்னது அப்படியே உண்மையாகிப் போயிருந்தது.

லாரி டிரைவர் சுடலைராஜ் இறங்கி ஓடிவந்தான். "யக்கா, தப்பு எம்மேலதான், பாக்காம எடுத்துட்டேன். வண்டியை நான் வேணா டவுனுவரை எடுத்துட்டு வாரேன்."

அற்புதமணியால் இனி ஒரு கியர்கூட மாற்ற முடியாது. அவள் தலையாட்டப் போனாள். அதற்குள் பதுருன்னிஸா திரும்பினாள்.

"வேண்டாம் தம்பி." அற்புதமணியை நேராகப் பார்த்தாள். "பிரேக்கு பிடிச்சது நான்தான்னு சொன்னீங்களே, நிசந்தானே?"

"நிசம்."

"அப்ப நானே ஓட்டுதேன்."

ஏறி உட்கார்ந்தாள். பிஸ்மில்லாஹ் சொன்னாள். யாருடைய காலையும் பார்க்கவில்லை. கண்டெய்னர் லாரி ஒன்று ஒலியெழுப்பிக் கடந்தபோது பதுருன்னிஸாவின் உதடுகள் அசைந்தன, வண்டி தடம் விலகவில்லை. ஊருக்குள் நுழையும்போதுதான் அற்புதமணி வாய் திறந்தாள். "எல்லாருக்கும் இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிருதேன். கல்லீரல் ஆறி, மாத்திரை திரும்ப ஆரம்பிக்கிறவரை இந்த வண்டி ஓடாது."

"என் டெஸ்ட்டு?"

"அதுக்கு நீங்க மட்டும் போதும் ராத்தா."

பதுருன்னிஸா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபம் இன்னும் தாடையில் இருந்தது.

அற்புதமணி வீட்டு வாசலில் வண்டியை ஒட்டி நிறுத்தினாள். ஜேசுபாதம் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு வாசலில் சீனித்தாய் கோலப்பொடியோடு நிமிர்ந்தாள். பதுருன்னிஸா சுற்றிவந்து இடதுபக்கக் கதவைத் திறந்தாள். அற்புதமணி இறங்கவில்லை.

"ராத்தா, இந்த பெல்ட்டைக் கழத்திவிடுங்க. என்னால முடியாது" என்றாள், வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

பதுருன்னிஸா உள்ளே குனிந்தாள். அற்புதமணி வழிவிட்டு, வீங்கிச் சிவந்த தன் இரண்டு கைகளையும் தெரு பார்க்க மேலே தூக்கினாள்.