கடிகாரம் இருக்கும் பக்கம்

லீகில் உள்ள எல்லா மைதானங்களின் கழிப்பறைகளும் பம்பரத்துக்கு அத்துப்படி. எங்கே தாழ்ப்பாள் விழாது, எங்கே குழாயைத் திறந்தால் சட்டை நனையும், எங்கே ஆள் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு தானாக அணைந்துவிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எதிரணிக்காரர் எந்தக் காலால் உதைப்பவர் என்பதை எல்லாம் அதற்குப் பிறகுதான் விசாரிப்பான்.

பம்பரம் என்பது அணியினர் வைத்த பெயர். பந்தோடு ஒரு சுற்றுச் சுற்றுவான். எதிரே நிற்பவர் கிழக்கே போவார், இவன் மேற்கே போய்க்கொண்டிருப்பான். இரண்டாம் நிலை லீகில் இடது பின்வரிசை ஆட்டக்காரன். வயது முப்பத்தொன்று. கால்பந்தில் அது தாத்தா வயது இல்லை, ஆனால் சித்தப்பா வயது.

வயதாவது எல்லோருக்கும் வருவது. இவனுக்கு வந்தது பெருங்குடலில் புண். ஒருநாள் இரத்தம் போனது, பிறகு எடை போனது, பிறகு தூக்கம் போனது. எல்லாம் போன பிறகுதான் டாக்டரிடம் போனான்.

"இது விருந்தாளி இல்லைப்பா, குடித்தனக்காரன்" என்றார் டாக்டர். "வாடகையும் தர மாட்டான், காலியும் பண்ண மாட்டான். மருந்து கொடுத்து சத்தம் போடாம இருக்க வைக்கலாம். அவ்வளவுதான்."

"விளையாடலாமா டாக்டர்?"

"அவன் சும்மா இருக்கிற நாள்ல தாராளமா விளையாடு. அவன் விளையாட ஆரம்பிச்சா நீ சும்மா இரு."

அந்தக் குடித்தனக்காரன் ஒரு பருவத்தில் மூன்று மாதம் ஆட்டம் போட்டான். தொடைத் தசை கிழிந்துவிட்டது என்று கிளப்பில் சொல்லிவைத்தார்கள். உண்மை தெரிந்தவர்கள் அணியின் பிசியோதெரபிஸ்ட்டும் பெண்டாட்டியும் மட்டும்தான் என்று பம்பரம் நம்பினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தியோடு நடமாடினான்.

பெண்டாட்டி நகரப் பேருந்து ஓட்டுநர். தெருவைப் பார்க்கும்போதே எங்கே நிறுத்தலாம், எங்கே திருப்பலாம், எங்கே இறங்கி ஓடலாம் என்று கணக்குப் போடுகிறவள். "உனக்கு வந்திருக்கிறது வியாதின்னு நினைக்காதே. எங்க டெப்போவுல பாதிப் பேருக்கு கக்கூஸ் எங்கேங்கிற இதே கவலைதான்" என்று முதல் நாளே சிரித்துவிட்டாள். அவள் சிரித்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அவன் கழிப்பறைக்குள் போய் அவளுக்குப் போன் போடுவான். அந்த நேரம் அவள் டெப்போ ஓய்வறையில் இருப்பாள். அன்றைய வண்டியில் நடந்ததைச் சொல்வாள். குடையை மறந்து இறங்கியவர், அடுத்த நிறுத்தத்துக்குள் டாக்சி பிடித்து வண்டியை முந்திவந்து குடையை வாங்கிப் போன கதை போல ஏதாவது ஒன்று. சிரிக்கச் சிரிக்க வயிற்றின் இறுக்கம் விடும். பெரிய ஆட்டம் என்றால் மற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பது பேச்சுக்கு. இவனுக்கு அது பேச்சுக்கு இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தார் புதுக் கோச். பாதிப் பருவத்தில் வந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் சுவரில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். பம்பரத்தை ஆட்டம் முடியும் முன்பே வெளியே எடுப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். அவனுடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. மற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசினார், இவனைக் கூப்பிடவில்லை. கடைசியில் இவனே போய் நின்றான்.

"கடைசி மேட்ச்ல முழு ஆட்டமும் ஆடு. நடுவுல நான் உன்னைத் தூக்க வேண்டிய அவசியம் வராம ஆடு. அப்புறம் பேசலாம்" என்றார்.

"தூக்குற அளவுக்கு நான் என்ன சார் பண்ணினேன்?"

கோச் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "அது உனக்கே தெரியும்."

அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னான். "முழு ஆட்டமும்னா முழு ஆட்டமும்தானே? ஆடு. நானும் லீவு போட்டு வர்றேன்" என்றாள். அதோடு விடவில்லை. அந்த வெளியூர் மைதானத்தின் படத்தைச் செல்போனில் விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். "கழிப்பறை வீரர்கள் வாசலுக்குள்ளயே, வலது பக்கம் முதல் கதவு. நல்ல ரூட்" என்றாள்.

கடைசி ஆட்டத்தன்று போன் கதை பிரமாதமாக அமைந்தது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தபடியே அவள் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றிக் கிசுகிசுவென்று சொன்னாள். அவர் எதிரணியின் கொடியைப் போர்த்திக்கொண்டு நம்ம அணிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாராம். பம்பரம் சிரித்துக்கொண்டே களத்துக்கு வந்தான்.

முதல் பாதி வெண்ணெயில் கத்தி. வீரர்கள் வாசலுக்கு நேர் முன்னால், பெண்டாட்டியின் கண்ணுக்கு எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு முறை சுற்றினான், இரண்டு முறையும் எதிரணிக்காரர் கிழக்கே போனார். கோல் மட்டும் யாருக்கும் விழவில்லை.

இடைவேளை முடிந்து பக்கம் மாறியபோதுதான் ஏதோ உறுத்தியது. வாசல் எங்கே? அகலமான மைதானத்துக்கு அந்தக் கரையில், தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. வழக்கமாக இரண்டாம் பாதியில்தானே வாசல் பக்கத்தில் இருக்கும்? பருவம் முழுக்க அப்படித்தானே இருந்தது?

பின்னாலிருந்து கோல்கீப்பர் கத்தினார். அணித்தலைவரும் அவர்தான். எல்லோருக்கும் அண்ணன். கையுறையால் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டிருந்தார்.

"டேய் பம்பரம்! மன்னிச்சிருடா! கடிகாரத்தைப் பாத்து ஏமாந்துட்டேன்டா!"

"எந்தக் கடிகாரம்ணே?"

"டாஸ் போட்டப்போ! நம்ம மைதானத்துல கடிகாரம் இருக்கிற கோலை ரெண்டாவது பாதிக்கு வெச்சுக்கிட்டா உனக்கு வாசல் பக்கம் வரும்ல! பழக்க தோஷத்துல இங்கயும் கடிகாரத்தையே கை காட்டிட்டேன். பாவிங்க, இங்க எதிர்க் கோல்ல மாட்டி வெச்சிருக்காங்க!"

பம்பரத்துக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது.

"எனக்கு எதுக்குண்ணே வாசல்?"

"ஏன்டா, டிரெஸ்ஸிங் ரூம்ல கக்கூஸ் சுவர் கூரை வரைக்குமா போகுது? நீ பேசுறது, போனைத் தாண்டி வர்ற உன் பொண்டாட்டி குரல், எல்லாத்தையும் எல்லாரும்தான் கேக்குறோம். அந்தக் குடைக் கதை முடியறதுக்குள்ள நம்ம கோச் வந்துட்டாருன்னு எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா? பந்து வருது பார்!"

பந்து வந்தது. உதைத்து அனுப்பினான். ஆனால் மனம் பந்தில் இல்லை. வாசலுக்கு அருகில் உள்ள கழிப்பறை எப்போதும் காலியாக இருந்தது அதிர்ஷ்டம் இல்லையா? தான் வர நேரமாகும் நாள்களில் நடுவரிசை ஆட்டக்காரர் பூட்ஸ் கயிறு கட்டி முடிக்காமல் நடுவரைக் காக்க வைத்தது மறதி இல்லையா? பூசணிக்காய் பருவம் முழுக்கச் சோற்றுக்கு மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பிடி சோற்றைப் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு இருந்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், அடங்கவில்லை. ஓடிக்கொண்டே சிரித்தான்.

சிரித்தால் இறுக்கம் விடும் என்று சொன்னோம் அல்லவா? இன்று கொஞ்சம் அதிகமாகவே விட்டது.

ஆட்டம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது குடித்தனக்காரன் கதவைத் தட்டினான். தட்டினான் என்பது மரியாதைக்குச் சொல்வது, உதைத்தான். பம்பரம் வாசலைப் பார்த்தான். கோச்சைப் பார்த்தான். நடுவரைத் தேடினான், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கோ நின்றார். கையைத் தூக்கினால் கோச் வேறு ஆளை அனுப்பிவிடுவார். ஒப்பந்தமும் அதோடு வீட்டுக்குப் போய்விடும். தூக்காவிட்டால்... அதை நினைக்கவே கூடாது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் பந்தை அவன் காலுக்கு உருட்டிவிட்டார்.

பம்பரம் வாசலைக் குறிவைத்து ஓடினான். பந்து காலில் இருந்ததால் அதுவும் கூட வந்தது. இடது பின்வரிசைக்காரன் மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வலது கரைக்குப் போவதை அந்த லீகில் யாரும் பார்த்ததில்லை. எதிரணியினர் இது ஏதோ புதுத் திட்டம் என்று நினைத்தார்கள். ஒருவர் தடுக்க வந்தார், இவன் சுற்றினான். இன்னொருவர் வந்தார், சுற்ற நேரமில்லை. அவர் கால்களுக்கு நடுவிலேயே பந்தை விட்டுவிட்டுத் தாண்டினான். மூன்றாமவர் இவன் முகத்தைப் பார்த்தார், தானாக விலகிக்கொண்டார். இவனைத் துரத்திக்கொண்டு பாதி எதிரணி வலது பக்கம் சாய்ந்தது. கோலுக்கு முன்னால் நம் முன்வரிசைக்காரர் கல்யாண மண்டபத்தைக் காலையிலேயே திறக்க வந்தவர் மாதிரி தனியாக நின்றார்.

எல்லைக்கோட்டை நெருங்கியதும் பம்பரம் தலையைக்கூடத் தூக்காமல் பந்தை அவர் பக்கம் உதைத்தான். உதைத்த வேகத்திலேயே கோட்டைத் தாண்டி, கோச்சைத் தாண்டி, வாசலுக்குள் புகுந்து, வலது பக்கம் முதல் கதவைத் திறந்து தாழ்ப்பாள் போட்டான். நல்ல ரூட்தான்.

உட்கார்ந்த பிறகு மேலே கூரை அதிர்ந்தது. பெரிய சத்தம். கோல். ஆனால் யாருடைய கோல்? சத்தத்தை வைத்து எப்படிச் சொல்வது? அந்தக் கொடி போர்த்திய ஆள் மாதிரி எத்தனை பேரோ!

கதவில் படபடவென்று குத்து விழுந்தது. முன்வரிசைக்காரர் குரல்.

"கோல்டா மச்சி! நம்ம கோல்! உன் பாஸ்தான்! வெளியே வாடா, கட்டிப் பிடிக்கணும்!"

"வர முடியாதுடா! நீ போ! போய் ஆடு!"

"அவசரமில்லடா, நிதானமா முடிச்சுட்டு வா. ஆனா சீக்கிரம் வா. கோச் ஆளை ரெடி பண்றாரு!"

அவன் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தபோது, மாற்று ஆட்டக்காரர் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே நின்றுகொண்டிருந்தார். தன் கோலுக்கு முன்னாலிருந்து அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, கோச்சைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவரிசை ஆட்டக்காரர் வழக்கம்போல பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

நடுவர் வந்தார். "அனுமதி கேக்காம எங்க போனீங்க?"

"கக்கூஸுக்கு சார்."

நடுவர் பற்களைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே."

"கேக்குற நேரம் இருந்திருந்தா கேட்டிருப்பேன் சார்."

மஞ்சள் அட்டை காட்டிவிட்டு உள்ளே வரச் சொன்னார். பம்பரம் கோச்சைத் திரும்பிப் பார்த்தான். கோச் மாற்று ஆட்டக்காரரைப் பார்த்தார், பம்பரத்தைப் பார்த்தார், பிறகு மாற்று ஆட்டக்காரரிடம் மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. முடியும்போது பம்பரம் களத்தில்தான் இருந்தான்.

"சார், நீங்க அவனை உட்கார வைக்கலை. அவனா உட்கார்ந்துட்டு வந்தான். முழு ஆட்டம்தான் கணக்கு" என்று, வியாதி விஷயத்தையும் சொல்லி, ஊர் திரும்பும் பேருந்தில் அண்ணன் வாதாடினார். கோச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "திங்கட்கிழமை என் அறைக்கு வா" என்றார் பம்பரத்திடம், இறங்கும்போது.

திங்கட்கிழமை பம்பரம் அவர் அறையில் நின்றான். மேசையில் ஒரு காகிதம் இருந்தது. அதை அவன் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் கோச். "ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் போனை எடுத்துக்கிட்டு கக்கூஸுக்குள்ள போய்க் கிசுகிசுன்னு யார் கிட்ட பேசிட்டிருந்தே?"

"என் பொண்டாட்டி கிட்ட சார்."

"வேற கிளப் ஏஜென்ட் இல்லையா?"

"ஐயோ சார்! கக்கூஸ்ல இருந்தா ஏஜென்ட் கிட்ட பேசுவாங்க?"

கோச் நாற்காலியில் சாய்ந்தார். "நான் அப்படித்தான் நினைச்சேன். மனசு இங்க இல்லாதவனை எதுக்கு முழு ஆட்டம் ஆட விடணும்னு தூக்கித் தூக்கி உட்கார வெச்சேன். ஏன்டா, எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் எப்படித் தெரியாம போச்சு?"

"உங்க அறைக்குத் தனிக் கக்கூஸ் இருக்கு சார். அதான்."

ஆணி அடிக்கிற மனிதர் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்து முடிய நேரமானது. பிறகு காகிதத்தைத் தள்ளினார். "ஒரு வருஷம். உன் டாக்டர் கிட்ட நான் பேசணும். உடம்பு படுத்துற அன்னைக்கு என் கிட்ட சொல்லணும், மறைக்கக் கூடாது."

"அதுக்கப்புறம் சார்?"

"அதுக்கப்புறம் எனக்கே இங்க வேலை இருக்குமான்னு தெரியாதுப்பா. உனக்கு நான் எப்படிச் சொல்றது?"

பம்பரம் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றாமலே காகிதத்தில் வைத்தான். சந்தோஷத்தில்தான். ஆனால் சந்தோஷமோ பயமோ, குடித்தனக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். பேனாவை மெதுவாகக் கீழே வைத்தான்.

கோச் அவன் முகத்தைப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "அந்தக் கதவு. களத்துக்கும் இதுதான் கிட்ட. இனிமே இது உன் கிட்டயே இருக்கட்டும்."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பம்பரம் போனை எடுத்தான். பெண்டாட்டி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன ஆச்சு? கையெழுத்துப் போட்டியா?"

"இன்னும் இல்லை."

"ஏன்? எங்க இருக்கே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான், சிரிப்புதான் வந்தது. பிறகு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். இந்தச் சுவர் கூரை வரைக்கும் எழும்பியிருந்தது. இருந்தும் வெளியே காகிதத்தோடு காத்திருந்த கோச்சுக்கு எல்லாம் கேட்டது.