இரண்டு கண்ணும் ஒரே வைத்தியமா

ஷேடு என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது தொலைபேசியில்தான். என் ஓரகத்தி கூப்பிட்டு, "ரெண்டாவது பையன் ஷேடுவைத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்" என்றாள். என் வீட்டுக்காரரோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அவள் மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள், நான் நாலாமவருக்கு.

"அது என்னக்கா பேரு, பூனைக்குட்டிக்கு வச்ச மாதிரி?"

"நெசப்பேரு வேற ஏதோ சொன்னான். அவனுக்கே அது வாயில வரல. கம்பெனியில எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுவாங்களாம்."

பையன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் லிஃப்ட் நின்றுபோக, சரிசெய்யப் போன இடத்தில் அவளைப் பார்த்திருக்கிறான். அங்கே அவளுக்கு நிறம் ஒத்துப் பார்க்கிற வேலை. சாயப்பட்டறையிலிருந்து துணி லாட் லாட்டாக வரும்; ஒரு தடவை சாயம் முக்கியது ஒரு லாட். ஒரு லாட்டில் காலர் வெட்டுவார்கள், இன்னொரு லாட்டில் கை வெட்டுவார்கள். இரண்டையும் விளக்குப் பெட்டிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நிறம்தானா, மயிரிழை வித்தியாசம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அந்த வித்தியாசத்துக்குத்தான் ஷேடு என்று பெயர். எல்லாவற்றையும்விட வெள்ளைதான் கஷ்டமாம். நமக்கெல்லாம் வெள்ளை என்றால் வெள்ளை. அவளுக்கு ஏழு வெள்ளை தெரியும்.

கல்யாணமாகி வந்த முதல் மாதம் ஓரகத்தி எதற்கோ வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். மருமகள் உற்றுப் பார்த்துவிட்டு, "அத்தை, கீழ்வரிசையில ரெண்டு பல்லு வேற லாட்டு" என்று சொல்லிவிட்டாள். ஓரகத்தி இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், "உண்மைதான்டி. பல் டாக்டர் அந்த ரெண்டையும் அப்புறமாத்தான் வச்சாரு. வீட்டுக்குள்ள போலீஸை கொண்டாந்து விட்டிருக்கான் என் மவன்" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அம்மா மகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

அந்த விளக்குப் பெட்டிக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் இருபது வருஷம் உட்கார்ந்தாள் ஷேடு. நாற்பத்தேழு வயதில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. சர்க்கரை இருக்கிறவர்களுக்குச் சீக்கிரமே வருமாம். கம்பெனியில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து காப்பீட்டு அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கொண்டுபோய் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். ஓரகத்திக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. அதனால் நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா ஒரே நாளில் இரண்டு கண்ணையும் அளவெடுத்தார். ஒன்பதாம் தேதி வலது கண். இடது கண் அடுத்த மாதம் பதினாலாம் தேதி.

வலது கண்ணில் கட்டுப் பிரித்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, "சின்னத்தை, இந்தச் சுவத்துக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சாங்களா?" என்பதுதான்.

அதற்குப் பிறகுதான் குழப்பம் தொடங்கியது. புதுக் கண்ணில் வெள்ளை நீலம் பாய்ந்து பளிச்சென்று தெரிந்தது. பழைய கண்ணில் அதே வெள்ளை டீ சிந்தின துணி மாதிரி. இரண்டையும் திறந்தால் எது எதுவென்றே தெரியவில்லை. வேலைக்குப் போன நாலாம் நாள் ஒரு லாட் காலரை வேறு லாட் கையோடு சேர்த்து அனுப்பிவிட்டாள். முன்னூறு சட்டை திரும்பி வந்தது. இருபது வருஷத்தில் அதுவரை ஒன்றுகூட வந்ததில்லை.

"புதுக் கண்ணு சொல்றதுதான் நெசம்னு எல்லாரும் சொல்றாங்க சின்னத்தை. அப்ப இத்தனை நாளா நான் பாத்து அனுப்புனதெல்லாம் என்ன?" என்று கேட்டாள். 

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். "அக்கா, அடுத்த கண்ணையும் பண்ணிட்டு வாங்க. அடுத்த மாசம் முடியற வரைக்கும் ஸ்டூலை வேற யாருக்கும் தர மாட்டேன். அதுக்கு மேல எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க" என்றார். அதுவரை பொத்தான் எண்ணச் சொன்னார்.

இந்தச் சமயத்தில் ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. லிஃப்ட்காரன் உரக்கப் படித்தான். ஒன்று ஆஸ்பத்திரி போட்டது. காப்பீட்டுக் கம்பெனி நியாயமான விலை தர மறுக்கிறது, ஒப்பந்தம் முடிகிறது, ஒன்றாம் தேதி முதல் அந்த அட்டையை வாங்க மாட்டோம். இன்னொன்று காப்பீட்டுக் கம்பெனி போட்டது. ஆஸ்பத்திரி அநியாய விலை கேட்கிறது, எங்களால் ஆகாது. இரண்டு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: உங்கள் நலனே எங்கள் நோக்கம்.

"ரெண்டு பேருக்கும் நம்ம நலன்தான்னா அப்புறம் சண்டை எதுக்குடா?" என்றாள் ஓரகத்தி.

"நம்மளை யாரு நல்லா பாத்துக்கறதுன்னுதான் சண்டை போலம்மா."

ஷேடு மட்டும் சிரிக்கவில்லை. பதினாலாம் தேதி என்ன ஆகும் என்று கேட்டாள். 

ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்டை செல்லாது, முழுப் பணம் கட்டினால் அதே தேதியில் செய்யலாம் என்றார்கள். அது அவளுடைய ஏழு மாதச் சம்பளம். அங்கிருந்து காப்பீட்டுக் கம்பெனி ஆபீஸ். டோக்கன் வாங்கி உட்கார்ந்து, முறை வந்ததும் ஒரு பெண் மரியாதையாகவே பேசினாள்.

"பாதியில இருக்கிற வைத்தியத்துக்கு விலக்கு இருக்கு மேடம். பழைய ஒப்பந்தப்படியே அங்க முடிச்சுக்கலாம்."

ஷேடுவுக்கு உயிர் வந்தது. "பாதியிலதாம்மா இருக்கேன். ஒரு கண்ணு ஆச்சு, ஒரு கண்ணு பாக்கி."

"எந்தக் கண்ணு ஆச்சு?"

"வலது."

"வலது முடிஞ்சிருச்சு. இடது இன்னும் தொடங்கவே இல்ல. அது புது வைத்தியம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏம்மா, ஒத்தச் செருப்பை வித்துட்டு வியாபாரம் முடிஞ்சுதுன்னு எந்தக் கடைக்காரனாவது சொல்வானா?" என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு வைத்தியம் என்றுதான் எழுதினாள். எழுதிவிட்டு வேறு ஆஸ்பத்திரிகளின் பட்டியலைக் கொடுத்தாள்.

பட்டியலில் முதலில் இருந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே டாக்டர் புதுக் கண்ணைப் பார்த்தார், பழைய கண்ணைப் பார்த்தார். "ரெண்டு கண்ணும் ஒரே வைத்தியம்மா. பாதி வேலையை நாங்க எடுத்துக்க மாட்டோம். ஆரம்பிச்ச இடத்துலயே முடிச்சுக்கங்க" என்றார்.

இங்கே ஒன்று, அங்கே இரண்டு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஷேடு ஒரு கண்ணை மூடினாள், திறந்தாள், மற்றதை மூடினாள். "எனக்குத் தலை சுத்துது சின்னத்தை. கண்ணாலயா, இவங்களாலயான்னு தெரியல."

கடைசியில் எங்கள் டாக்டரம்மாவிடமே போனோம். அவர் அளவெடுத்த தாளை எடுத்துக் காட்டினார். இரண்டு கண்ணுக்கும் ஒரே நாள், ஒரே தாள். அப்படியென்றால் இடது கண்ணுக்கும் அன்றைக்கே தொடங்கிவிட்டது. அதையே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கீழே கணக்குப் பிரிவில் முத்திரை போட்டால் காப்பீட்டுக் கம்பெனி ஒத்துக்கொள்ளும். கணக்குப் பிரிவுக்காரர் போட மாட்டேன் என்றார். போட்டால் பழைய விலைதான் வருமாம்.

"அது டாக்டர் எழுதினதுங்க" என்றாள் ஷேடு.

"டாக்டர் வைத்தியத்துக்கு எழுதுவாங்க. விலைக்கு நான்தானே பதில் சொல்லணும்."

அவள் சண்டை போடவில்லை. மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து அவர் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். மூன்றாம் நாள் பன்னிரண்டாம் தேதி. அவர் போட்டிருந்த சட்டையைக் காட்டி, "சார், இது எங்க கம்பெனி தையல்தான். இதுல ஒரு கையை மட்டும் தைச்சுக் குடுத்து, இன்னொரு கை புது ஆர்டர்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?" என்று கேட்டாள். அந்த மனுஷர் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். முத்திரையைக் குத்திவிட்டு, "போங்கம்மா, யார்கிட்டயும் என் பேரைச் சொல்லாதீங்க" என்றார். அவர் பேர் எங்களுக்குத் தெரியாது.

பதின்மூன்றாம் தேதி காப்பீட்டு ஆபீஸில் விலக்குக் கிடைத்தது. பதினாலாம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டி, இடது கண்ணில் சொட்டுமருந்து மூன்று தடவை விட்டு, அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. அப்போது ஒரு பெண் காகிதத்தோடு வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"நல்ல சேதி. நேத்து சாயங்காலம் ரெண்டு பக்கமும் சமாதானம் ஆயிட்டாங்க. உங்க அட்டை திரும்பச் செல்லும்."

"அப்ப உள்ள போலாமா?" என்றேன்.

"இல்லம்மா. ஒப்பந்தம் புதுசு. அதனால பழைய விலக்கு ரத்து. புதுசா விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கணும். மூணு வாரம் ஆகலாம்."

ஷேடு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மருந்து விட்ட கண்ணில் எல்லாம் கலங்கி, மற்றதில் தெளிவாகத் தெரிந்ததால், எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நேத்து ஒன்னா இருந்துச்சே, இன்னைக்கு ரெண்டா?" என்று மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் பெண் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கையைப் பிடித்து நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

ஓரகத்தி நடந்ததை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்புறம், "இன்னும் ஒரே ஒரு நாள் சண்டை போட்டிருந்தா அவங்களுக்குக் கையா வலிச்சிருக்கும்?" என்றாள்.

அனுமதி வந்து இடது கண்ணைச் செய்தபோது அடுத்த மாதம் எட்டாம் தேதி ஆகிவிட்டது. ஒன்றாம் தேதியே ஸ்டூலில் வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்கு மேல் அவர் கையில் இல்லை. அந்தப் பெண்ணும் பிள்ளைகுட்டிக்காரி. அவளை எழுப்பிவிடச் சொல்லி ஷேடு கேட்கவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விலை கடைசியில் ஏறியதா, இறங்கியதா, யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று லிஃப்ட்காரன் ஐந்தாறு பேரிடம் விசாரித்தான். ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டு கம்பெனியிலிருந்தும் திரும்பக் கடிதம் வந்தது. பொறுமைக்கு நன்றி என்று இருந்தது.

ஷேடு இப்போது அதே கம்பெனியில் மேல்மாடியில், பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள்.