பத்தாயத்தடியில் விழுந்த கட்டை

என் டிரங்குப் பெட்டியின் மூலையில், சுருக்குப் பை ஒன்றுக்குள், இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் கிடக்கின்றன. சுண்டுவிரல் நீளம், நான்கு பட்டை. ஒரு பட்டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, நான்காவது வெறும்பட்டை. ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறும்பட்டையும் மேலே வந்தால் தாயம். அப்படி விழுந்த ஒரு தாயத்தை நினைத்து நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நாங்கள் இரண்டு மாட்டுப்பெண்கள். மூத்த பிள்ளையின் மனைவியை மன்னி என்று கூப்பிடுவேன். நான் தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவள். மன்னி திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். வேலைக்காக நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது என்று அவள் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தாள். ஆண்கள் ஆபீசுக்குப் போன பிறகு நெல் அறையில் உட்கார்ந்து மாறி மாறிக் கட்டை உருட்டுவோம். முதலில் தாயம் போட்டவளுக்கு அன்று மாவரைப்பதிலிருந்து விடுதலை.

எனக்குக் கைராசி உண்டு என்று ஒரு எண்ணம். பெரிய எண் வேண்டுமானால் உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து வீசிப் போடுவேன். தாயம் வேண்டுமானால் மூச்சை அடக்கிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மெதுவாக உருட்டுவேன். விழுந்தால் என் கை. விழாவிட்டால் வாசலில் யாரோ தும்மினார்கள், மன்னி நடுவில் பேசிவிட்டாள், தரை சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், எனக்காகவே சொல்லிவைத்த மாதிரி. விழாத நாட்களை நான் நினைவில் வைத்துக்கொண்டதே கிடையாது.

"உன் கைக்குக் கண்ணு உண்டோடீ?" என்று மன்னி சிரிப்பாள். அது கேலி என்றுகூட எனக்கு உறைக்காது.

ஒரு கோடையில் மாமியாருக்கு வைசூரி கண்டது. வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பதை நிறுத்தினோம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். உள்ளே போகிறவள், தலைக்குத் தண்ணீர் விடும்வரை வெளியே வரக் கூடாது. எங்கள் இருவருக்குமே அம்மை குத்தியிருக்கவில்லை. அந்த நோய் எதிர்வீட்டுப் பெண்ணின் முகத்தை என்ன செய்திருந்தது என்று நான் பார்த்திருந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கண்ணாடியின் முன்னால் நிற்பதில் கொள்ளைப் பிரியம்.

"ஆரு போறது?" என்று மன்னி கேட்டாள்.

"கட்டை போட்டுப் பார்த்துடலாமே மன்னி," என்றேன்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் என் கை என்னைக் காப்பாற்றிவிடும் என்ற நிச்சயத்தில்தான் அதைச் சொன்னேன். சீட்டை மடியில் ஒளித்துவைத்து ஆடுகிறவனுக்காவது தான் திருடன் என்று தெரியும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

மன்னிக்கு நாலு விழுந்தது. அடுத்து நான் மூச்சை அடக்கிக்கொண்டு உருட்டினேன். ஒரு கட்டை ஒற்றைப் புள்ளியைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நின்றது. மற்றது உருண்டு பத்தாயத்தின் அடியில் போய்விட்டது. நெல் கொட்டிவைக்கும் அந்தப் பெரிய மரப்பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. மன்னி கன்னம் தரையில் படக் குனிந்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள். பிறகு கையை விட்டுக் கட்டையை எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

"வெறும்பட்டையாக்கும். தாயம். சாரமில்லை, நான் போறேன்," என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவள் சொல்கிற சொல் அது.

மாமியார் பிழைத்தார். நோய் தொற்றிய மன்னியும் பிழைத்தாள், ஆனால் இடது கண் போய்விட்டது. முகம் அம்மி கொத்தினாற்போல் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் ஆரத்தி எடுக்க முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். மன்னியே என் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து அனுப்பிவைப்பாள்.

மனசு குத்தாமல் இல்லை. என் கைதான் அவளை அந்த அறைக்குள் அனுப்பியது என்று தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் அழுகிறபோதே, அன்றைக்குக்கூட என் கை பொய்க்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பல வருஷம் கழித்து ஒரு நவராத்திரியில், கொலு பார்க்க வந்தவர்களிடம் என் கைராசியைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு, சுண்டல் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே மன்னி சொன்னாள்.

"அன்னைக்கு மூணாக்கும் விழுந்தது."

"என்னைக்கு?"

"பத்தாயத்தடியிலே. நீ ரொம்பப் பேடிச்சிருந்தே. முகமெல்லாம் ஒரே பயம். பார்க்கச் சகிக்கலை."

அப்படியானால் அது தாயமே இல்லை. அடுத்த முறை மன்னியுடையது, அவளுக்கே தாயம் விழுந்திருக்கலாம். அதை அவள் போட்டுப் பார்க்கவே இல்லை. இதைக் கேட்டதும் நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். என் கையைப் பொய்யாக்கிவிட்டாளே என்ற கோபம்.

"நீங்க சரியாப் பார்த்திருக்க மாட்டேள்," என்றேன், ஒற்றைக் கண்ணோடு நின்றவளிடம்.

"ஆயிருக்கும்," என்று ஒத்துக்கொண்டு கிண்ணங்களோடு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

மன்னி போய் இரண்டு வருஷமாகிறது. யுத்த காலம், அரிசிக்கு ரேஷன், பத்தாயம் காலியாக நிற்கிறது. போன வாரம் என் மாட்டுப்பெண் பெட்டியைத் துடைக்கும்போது கட்டைகளைக் கண்டுபிடித்து, மாவரைக்கப் போவது யார் என்று போட்டுப் பார்க்கலாம் என்றாள். அவளுக்குத் தாயம் விழவில்லை. என் முறை வந்ததும், நான் நினைக்காமலேயே மூச்சு அடங்கியது, கை மெதுவாக உருட்டியது. ஒன்று ஒற்றைப் புள்ளியோடு நின்றது. மற்றது நேரே பத்தாயத்தின் அடியில் போயிற்று.

அவள் குனியப் போனாள். "வேண்டாம், எடுக்காதே. சாரமில்லை, நான் அரைக்கிறேன்," என்றேன்.

"என்ன விழுந்ததுன்னு பார்க்கவே இல்லையேம்மா," என்று சிரித்தாள்.

ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரைத்தேன். மன்னி கொடுத்ததற்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடிந்தது அரைப்படி மாவு, அதுவும் வேறு ஒருத்திக்கு. அரைக்கிற நேரம் முழுக்க மனசு பத்தாயத்தடியிலேயே கிடந்தது. வெறும்பட்டைதான், வேறென்ன விழுந்திருக்கும் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. கையைக் கழுவிவிட்டுப் போய், முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தேன்.

இரண்டு புள்ளி.

கட்டையை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டேன். சுருக்குக் கயிற்றை இழுக்கும்போது, தரை சரியில்லை என்று எனக்குத் தோன்றியது.