கைத்தவறு என்று எழுதிய பக்கம்

அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கையெழுத்து இருக்கும். சோதனை செய்தவர் ஒருவர், கூட நின்று பார்த்த சாட்சி ஒருவர். ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகம் அது. சோதனை செய்வது என்னோடு வேலை பார்த்த அக்கா, சாட்சி நான். அக்காவுக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. இரண்டு பேருமே ஒப்பந்த ஊழியர்கள்.

காயம் ஆற்றும் களிம்புக்கான வேலை. காயம் மூட வேண்டுமென்றால் சுற்றியுள்ள செல்கள் அதை நோக்கி நகர வேண்டும். சல்லடை போன்ற மெல்லிய தாளுக்கு மேலே செல்கள், கீழே மருந்து. எத்தனை செல் இறங்குகிறது என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணுவோம். மருந்து குறைந்தால் அவை அசையாது. அளவாக இருந்தால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும். கூடிப்போனால் திசை தெரியாமல் நின்றுவிடும். தெரு முழுக்க பிரியாணி வாசனை அடித்தால் கடை எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும் என்பார் அக்கா.

கம்பெனி விற்க இருந்ததோ 'டபுள் ஸ்ட்ராங்' களிம்பு. சரியாக அந்த அளவில்தான் செல்கள் நின்றன. அக்கா மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் நின்றன. மேனேஜர் நோட்டைப் புரட்டிவிட்டு, டோஸ் கூடினால் வேலையும் கூடத்தானே வேண்டும், கைத்தவறு என்று எழுதுங்கள் என்றார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா எழுத மாட்டேன் என்றார். மேனேஜர் தானே எழுதிவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு நோட்டை என் பக்கம் தள்ளினார். அப்போது அக்கா என்னைக் கேட்டார்.

"மூணு தடவையும் நீதான பக்கத்துல நின்ன. என் கை எங்க தவறுச்சுன்னு நீயே சொல்லு."

நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே அக்காவை அனுப்பிவிட்டார்கள், என்னை நிரந்தரமாக்கினார்கள். அந்த மேனேஜர் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. அதைவிட, அவர் பேனாவை எடுத்துக்கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் வாங்கிய என் கை மேல் ஆத்திரம். வெட்கம் கெட்ட கை.

போன வாரம் மத்திகிரி டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அக்கா. நான் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அக்கா கையமர்த்தினார்.

"என் வேல போனது போவட்டும் விடு. அந்த டபுள் ஸ்ட்ராங் கடைக்கு வந்துருச்சா?"

வந்துவிட்டது என்றேன். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு, முன்னால் காலியாக இருந்த சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.